முகில் உண்ணாத சோறு

கிண்ணம் நிறைந்திருந்தது. காலையில் நான் வைத்த சோறு நண்பகலிலும் வைத்தபடியே இருந்தது. வேகவைத்துப் பிசைந்த காரப்பொடி மீனின் எண்ணெய், சோற்றின்மேல் மெல்லிய ஏடாக உலர்ந்திருந்தது. இரண்டு ஈக்கள் அதன்மேல் அவசரமின்றி நடந்துகொண்டிருந்தன.

கிண்ணத்துக்கு உரிய எங்கள் நாய் முகில், கொல்லைப்புறக் குளியலறைக் கதவின் அடியிடுக்கில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது. பெயர் சொல்லி அழைத்தேன். காது மட்டும் என் பக்கம் திரும்பியது.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்று குனிந்து அதன் கழுத்தைத் தொட்டேன். ஏழாண்டுப் பழக்கத்தில் முதன்முறையாக முகில் என்னைப் பார்த்து உறுமியது. பெரிய உறுமல் அன்று. 'இப்போது வேண்டாம்' என்று சொல்வது போன்ற ஒன்று.

கதவு திறந்தது. என் கணவர் முகத்தைத் துண்டால் ஒற்றியபடி வெளியே வந்தார். "இன்னா டீச்சர், உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னா பஞ்சாயத்து?"

"காலைலேருந்து ஒரு வாய் கூடச் சாப்பிடலங்க. தொட்டா உறுமுது."

"வயசாவுதுல்ல. எனக்கும்தான் ஆவுது. என்னப் பாத்து யாராச்சும் கவலப்படறாங்களா?"

"உங்களுக்கு என்ன? தட்ட வழிச்சுச் சாப்பிடறீங்க."

அவர் சிரித்தார். குழாயடியில் அவருடைய தட்டு, கழுவியதைப் போலத் துலங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் கழிந்து சில நாள்கள் ஆகியிருக்கும்.

மேசைமேல் தாள்கள்

இத்தொடரை வாரந்தோறும் படித்துவருவோர்க்கு என் கணவரைத் தெரியும். புதிதாக வருவோர்க்காகச் சில சொற்கள். அவர் கருங்குழியில் பிறந்தவர். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம். இரண்டு தலைமுறையாகக் கிறித்தவர்கள். தொழிற்பயிற்சி முடித்து, அணு ஆராய்ச்சி மையத்தில் பொறிநுட்பப் பணியாளராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். நான் செங்கற்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். திருமணமான நாள்முதல் இன்றுவரை அவருக்கு நான் 'டீச்சர்'தான்.

நாங்கள் இருவரும் சேர்ந்து உண்டதில்லை. இதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. எனக்குப் பள்ளி மணி. அவருக்கு மூன்று வேளை முறைப்பணி. நான் பேருந்தில் திரும்பும்போது அவர் உறங்குவார். அவர் உண்ணும்போது நான் கரும்பலகையின் முன் நிற்பேன். இருவரும் ஓய்வு பெற்ற பின்னும் அவ்வழக்கம் விலகவில்லை. நான் அச்சகம் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலையை ஏற்றுக்கொண்டேன். உணவு மேசை முழுவதும் மெய்ப்புத் தாள்கள் பரவின. அவர் தட்டை எடுத்துக்கொண்டு, பின்வாசற்படியில் பாதாம் மரத்து நிழலுக்குப் போய்விட்டார். கைப்பேசியில் ஆட்ட வருணனை ஓடும். முடிந்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "டீச்சர், தட்டு காலி!"

அவர் தட்டில் ஒரு பருக்கையும் மிஞ்சாது. அது அவருடைய வீட்டுப் பழக்கம். சோற்றைக் கீழே கொட்டுவதை அவர் பார்த்ததும் இல்லை, செய்ததும் இல்லை.

கோட்டைச் சுவரடியில்

முகில் எங்களுக்குக் கிடைத்தது சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைச் சுவரின் அருகில். மழைக்காலத்தில், உள்ளங்கையளவு கருநிறக் குட்டி, சுவர் ஓரத்து நெருஞ்சியில் சிக்கிக் கத்திக்கொண்டிருந்தது. நான் முகில் என்று பெயரிட்டேன். தெரு அதை 'முகிலு' ஆக்கியது.

அதனுடைய நாள் ஒழுங்கானது. விடியலில் என் கணவருடன் கடற்கரை. வலை உலர்த்தும் இடத்தில் நண்டுகளைத் துரத்துதல். திரும்பியதும் கிண்ணம். கிண்ணத்தின்முன் மண்டியிட்டு உண்டு, பிறகு அதை மூக்கால் தள்ளித் தள்ளித் தரையில் ஓசை எழுப்புவது அதன் வழக்கம். அந்த ஓசையில்தான் என் காலைப்பொழுது தொடங்கும்.

தையில் அந்த ஓசை நின்றது.

நாய் உணவை வெறுத்தால் என்னென்ன காரணம் இருக்கலாம் என்று ஆராய்ந்தேன். பல்லைப் பார்த்தேன், பழுதில்லை. ஈறு சிவந்திருக்கவில்லை. மீன்முள் சிக்கியிருக்குமோ என்று வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். மூக்கு ஈரமாக இருந்தது. கழிச்சல் இல்லை, வாந்தி இல்லை. கிண்ணம் மட்டும் நிறைந்தே இருந்தது.

மெய்ப்புத் திருத்துபவர்களுக்கு ஒரு குணம் உண்டு. பிழை இருக்கும் இடம் தெரியவில்லை என்றால், எல்லாவற்றையும் எழுதி வைக்கத் தொடங்கிவிடுவார்கள். பழைய மாணவி ஒருத்தி தந்த நீலநிற அட்டைக் குறிப்பேட்டை எடுத்தேன்.

*காலை: மோந்து பார்த்தது; உண்ணவில்லை. கடற்கரைக்கு இருவரும் போகவில்லை.*

*நண்பகல்: பின்வாசற்படியில் அவர் காலடியில் அமர்ந்திருந்தது. பிறகு குளியலறைக் கதவருகே படுத்தது. அழைத்தும் வரவில்லை.*

*மாலை: இரண்டு கவளம். அவருடைய நாற்காலியை விட்டு அகலவில்லை. மீன்காரி வந்தபோதும் எழவில்லை.*

இப்படியே நாற்பது பக்கங்கள். ஒவ்வொரு வரியும் என் கையெழுத்து. அவற்றில் நாயை மட்டுமே நான் பார்த்தேன்.

ஒருசந்தி

இடையில் தவக்காலம் வந்தது. ஆண்டுதோறும் அந்த நாற்பது நாளும் அவர் ஒருசந்தி இருப்பார். ஒரு வேளை மட்டும் உண்பார். காலை உணவைத் தெருமுனைக் கடையில் முடித்துக்கொள்வது அவர் வழக்கம்; அதுவும் நின்றது. கன்னம் ஒட்டியது. கடிகாரம் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழுக்கிப் போய்வந்தது. "உடம்பு இளைக்குதே" என்றேன்.

"அதுக்குத்தானே டீச்சர் ஒருசந்தி? குண்டாயிகினே போனா கடவுள் நம்புவாரா?"

நானும் நம்பிவிட்டேன்.

இங்கே பழைய நினைவு ஒன்று குறுக்கிடுகிறது. மகள் சிறுமியாக இருந்தபோது, ஒரு குளிர்காலக் காலையில் வேடந்தாங்கல் சென்றிருந்தோம். எல்லாரும் கரையில் நடந்து நடந்து பறவைகளின் பெயரை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரே மரத்தின் எதிரில் நின்றுவிட்டார். தாய்ப்பறவை கூட்டுக்கு வந்து, தன் தொண்டையிலிருந்து இரையை எடுத்துக் குஞ்சின் வாயில் வைத்தது. ஒரு மணிநேரம் அதையே பார்த்தார். பிறகு என்னிடம், "டீச்சர், அது துன்ன மாதிரி வந்துச்சு, ஆனா துன்னல பாரு" என்றார். நான் அந்தப் பறவையின் தூய தமிழ்ப்பெயரைக் கூறினேன். அவர் தலையசைத்துவிட்டு மரத்தையே பார்த்தார்.

எடைப்பொறி

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து இரண்டு வாரமாகியும் முகிலிடம் மாற்றமில்லை. தானி ஒன்றை வாடகைக்கு அமர்த்திக் கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றேன். என் கணவர் வரவில்லை. "களைப்பா கீது டீச்சர், நீ போயிட்டு வா" என்றார். வண்டி புறப்பட்டபோது முகில் கம்பியில் முகத்தை வைத்து, வீடு மறையும்வரை ஊளையிட்டது. மருந்தகத்தின் எடைப்பொறியில் ஏறி நிற்பதற்குள் மூன்று பேரைக் களைப்படையச் செய்தது.

இளம் மருத்துவர் பொறுமையானவர். பல், கண், வயிறு, காது அனைத்தையும் பார்த்தார். குருதி எடுத்தார். என் குறிப்பேட்டைப் பத்துப் பக்கம் படித்தார். பிறகு பழைய சீட்டில் இருந்த எடையையும் அன்றைய எடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சர், மூணு மாசமா சரியா சாப்பிடலன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்."

"ரெண்டு கிலோ ஏறியிருக்கே."

உதவியாளர் எடைப்பொறியைக் காலால் ஒருமுறை தட்டி, "மெசினு கரீட்டாதான் கீது சார்" என்றார்.

"நாய் பட்டினி இல்லீங்க. நல்லா சாப்பிடுது. உங்க கிண்ணத்துலதான் சாப்பிடல. வேற யாரு போடறாங்கன்னு பாருங்க."

திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சினம். என்னுடைய நாற்பது பக்க ஆராய்ச்சியை யாரோ ஒருவர் மீன்தலையைக் காட்டிப் பொய்யாக்கியிருக்கிறார். அந்த யாரோ யார் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

கன்னியம்மாளின் விடை

கன்னியம்மாள் பத்தாண்டுகளாக எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். மறுநாள் முற்பகல், கூடையை இறக்கும் முன்பே கேட்டுவிட்டேன்.

"முகிலுக்கு நீங்கதான மீன் போடறீங்க?"

"நானா? உன் நாயிக்கா?" இடுப்பில் கைவைத்தார். "ஏ டீச்சரம்மா, கால் கிலோ காரப்பொடிக்கு எங்கிட்ட கோர்ட்டு கேசு மாதிரி வாதாடுற. நான் சும்மா தூக்கி அதுக்குப் போட்டுகினு போவேனா?"

"டாக்டர் சொன்னார், வெளியில யாரோ போடறாங்கன்னு."

"வெளில எங்க போவுது அது? வூட்ட வுட்டு நவுர்றதே இல்ல. நானும் பாத்துகினுதானே கீறேன்." குனிந்து மீனைப் புரட்டியபடி, போகிற போக்கில் சொன்னார்: "நாயி ஷோக்காதான் கீது. அண்ணாத்ததான் காத்தடிச்சா வுழுந்துடுவாரு போல கீறாரு. அவர இன்னான்னு பாத்தியா?"

"அவர் ஒருசந்தி இருந்தார்."

கன்னியம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஈஸ்டரு போயி எத்தினி நாளாச்சு? இன்னும் இன்னா சந்தி?"

கூடையைத் தூக்கிவிட உதவி கேட்டார். என் கைகள் தூக்கினவா என்பது எனக்கு நினைவில்லை.

பின்வாசற்படி

அன்று நண்பகல், வழக்கம்போல் தட்டில் சோறிட்டுக் கொடுத்தேன். அவர் எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் மெய்ப்புத் தாளின்முன் அமராமல், அடுக்களைச் சன்னலின் ஓரத்தில் நின்றேன்.

முதற்கவளத்தை வாயிலிட்டார். மென்றார். நெடுநேரம் மென்றார். தண்ணீர் குடித்தார். நெஞ்சின் நடுவில் இரண்டு விரலை வைத்து, கீழ்நோக்கி மெல்ல நீவினார். கண்களை மூடிக் காத்திருந்தார். பிறகு எச்சிலோடு சேர்த்து அனைத்தையும் ஒரு பாதாம் இலையில் உமிழ்ந்து மூடினார்.

முகில் அவர் முழங்காலருகே அமர்ந்திருந்தது. அவர் மீனில் முள் நீக்கினார். விரல்நுனியால் தடவித் தடவி, ஒரு முள்ளும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, சோற்றோடு உருட்டி நீட்டினார். முகில் உடனே வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தது. அவர் தலையசைத்த பிறகே வாங்கியது. ஒவ்வொரு கவளத்துக்கும் இப்படி. ஒவ்வொரு முறையும் முதலில் அவர் முகம்.

இறுதியில் தட்டை அதன்முன் வைத்தார். அது பருக்கை விடாமல் நக்கியது.

"டீச்சர், தட்டு காலி!"

குரலில் எக்குறையும் இல்லை. அந்தக் குரலைத்தான் மூன்று மாதமாக நான் உள்ளிருந்து கேட்டிருக்கிறேன். அவர் குளியலறைக்குள் சென்றார். முகில் எழுந்து பின்னால் போய், கதவிடுக்கில் மூக்கை வைத்துப் படுத்தது.

முப்பதாண்டு வகுப்பறையில் நான் ஓயாமல் நடத்திய பாடம் ஒன்று உண்டு. பழைய பாட்டில் பறவையும் விலங்கும் வெறுமனே வந்து நிற்பதில்லை. தலைவி வாய்விட்டுக் கூறாததை அவற்றின் செயலுக்குள் வைத்திருப்பார்கள். அதைக் கண்டுகொள்வதே படிப்பவர் கடமை. மாணவியர் பலர் அதில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள்.

இரண்டு தட்டுகள்

மாலை, மேசைமேல் இருந்த தாள்களை எல்லாம் அள்ளிக் கட்டிலின்மேல் வைத்தேன். மேசையைத் துடைத்து இரண்டு தட்டுகள் வைத்தேன்.

அவர் வந்து பார்த்தார். "இன்னா டீச்சர், யாராச்சும் விருந்தாளி வராங்களா?"

"நாம ரெண்டு பேர்தான். உக்காருங்க."

"எனக்குப் படிதான் வசதி. காத்து வரும்."

"உக்காருங்க."

அமர்ந்தார். முகில் மேசைக்கடியில் புகுந்தது. அவர் சோற்றைப் பிசைந்தார், மேலும் பிசைந்தார். நான் என் தட்டைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் எடுத்தார். மென்றார். தண்ணீர் குடித்தார். விழியோரம் நீர் கோத்தது. மேசைக்கடியிலிருந்து முகில் எழுந்து, தாடையை அவர் தொடைமேல் வைத்து, மிக மெல்லிய குரலில் முனகியது.

அவர் நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எறங்கல, டீச்சர்."

"எத்தனை நாளா?"

"கிறிஸ்துமஸ் கேக்குலேந்து. அன்னிக்கு நடுவுல நின்னுகிச்சு. அப்பறம் ரொட்டி. அப்பறம் சோறு. இப்போ கஞ்சி மட்டும் எறங்குது."

"ஏங்க சொல்லல?"

அவர் நாயின் காதைத் தடவினார். "எங்க நைனாவுக்கு இப்டிதான் ஆரம்பிச்சுது. வேற இன்னா சொல்றது? சொன்னா நீ நோட்டு போட்டு எழுதுவ." சிரிக்க முயன்றார். "கொட்டிடலாம்னு ஒரு நாளு தட்ட எடுத்துகினு குப்பைத்தொட்டி வரைக்கும் போனேன். கை வரல. எங்கம்மா அடுத்தவன் களத்துல செதறின நெல்லப் பொறுக்கியாந்து ஆக்கிப் போட்டவ. அதான் இவன் துன்னட்டும்னு..."

நான் எழுந்து அவருடைய தட்டை எடுத்து, முகிலின்முன் வைத்தேன். முகில் முகர்ந்து பார்க்கவும் இல்லை.

ஆவணம்

செங்கற்பட்டு மருத்துவமனையில், நடுவயதுப் பெண் மருத்துவர் ஒருவர் என் கணவரை எதிரில் அமர்த்திக் கேட்டார்.

"எவ்ளோ நாளா இருக்கு இது?"

"ஒரு ரெண்டு வாரம் இருக்கும்மா."

நான் கைப்பையிலிருந்து நீலக் குறிப்பேட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். "டாக்டர், இது எங்க நாயைப் பத்தி எழுதினது" என்றேன். மருத்துவரின் புருவம் நெரிந்தது. "நாய் சாப்பிடாத நாள் எல்லாம், இவரும் சாப்பிடாத நாள். இவர் சோத்த அது சாப்பிட்டிருக்கு."

மருத்துவர் குறிப்பேட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். முதற்பக்கத்திலிருந்து படித்தார். நாய் இரண்டு கவளம் உண்ட நாள்கள் குறைந்துகொண்டே வந்ததை விரலால் தொட்டுத் தொட்டுச் சென்றார். ஓரிடத்தில் நின்றார்.

"'குளியலறைக் கதவருகே படுத்தது.' இது தினம் வருதே. சாப்பிட்டதும் வாந்தி எடுத்தீங்களா, சார்?"

என் கணவர் தரையைப் பார்த்தார். "எடுப்பேன்."

"ரெண்டு வாரமாவா?"

"தையிலேந்து."

மருத்துவர் அப்பக்கங்களை நகலெடுக்கச் சொல்லி, என் கணவரின் கோப்பில் சேர்த்தார். சேர்த்துவிட்டு, "நாய் பேரு என்ன?" என்று கேட்டார்.

உணவுக்குழாயில் கட்டி. முற்றவில்லை, எனினும் தொடக்கத்தைத் தாண்டியிருந்தது. ஒரு மாதம் தாமதித்திருந்தால் வேறு மாதிரிப் பேசவேண்டியிருக்கும் என்றார்கள். வெயில்காலமும் ஆடிக்காற்றும் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமான பேருந்துகளில் கழிந்தன. கதிர்வீச்சு கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். வீடு திரும்பினால் கஞ்சி. குவளையில் பாதி இறங்கும். மீதி, இப்போது எவருக்கும் ஒளிக்காமல், முகிலுக்கு. அதன் கிண்ணத்தில் நான் வைத்த சோறு பாதிக்குமேல் குறைந்ததில்லை. நானும் எழுதுவதை நிறுத்தவில்லை. யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பது மட்டும் இப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

முற்றும் நீங்கிவிட்டது என்று இன்றுவரை எவரும் எங்களிடம் உறுதி கூறவில்லை. மூன்று திங்களுக்கு ஒருமுறை போய்வருகிறோம்.

ஐப்பசி மழையில்

கடற்பக்கமிருந்து மழை வந்த ஒரு நண்பகல். மேசையில் இரண்டு தட்டுகள். குழைய வடித்த சோறு, மிளகுச்சாறு, முள் நீக்கிய சங்கரா மீன். இம்முறை முள் நீக்கியவள் நான்.

அவர் உண்டார். சிறு சிறு கவளம். முகில் வழக்கமான இடத்தில் அமர்ந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் முகத்தைப் பார்த்தது. கை தன் பக்கம் வரும் என்று காத்தது. வரவில்லை. தட்டில் வெள்ளை குறைந்தது. நடுவில் எஃகு தெரிந்தது. நான் என் தட்டைப் பார்ப்பதுபோல் பாவித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கவளத்தை அவர் விழுங்கினார். விரல்களை நெஞ்சில் வைக்கவில்லை. தண்ணீரைத் தேடவில்லை. வெறுங்கையை விரித்து நாயிடம் காட்டினார்.

"காலி, முகிலு. இன்னிக்கி உனக்கு ஒண்ணும் இல்ல."

முகில் அக்கையை முகர்ந்தது. விரல் விரலாக முகர்ந்தது. பிறகு எழுந்து கொல்லைப்புறம் போயிற்று. மழையோசையினூடே சற்று நேரம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் கேட்டது: தரையில் கிண்ணம் தள்ளுண்டு உராயும் ஓசை. தையிலிருந்து நான் கேளாத ஓசை.

சிறிது நேரத்தில் அது அடுக்களை வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்தது.

"இன்னா டீச்சர், குந்திகினே கீற?" என்றார் என் கணவர். "அவனுக்குப் பசிக்குதாம். சோறு போடமாட்டியா?"

எழுந்து போய்ப் போட்டேன். கிண்ணம் வழியப் போட்டதில் கொஞ்சம் சோறு தரையில் சிந்தியது. முகில் அதையும் விடவில்லை.

அன்றைய நாளுக்குக் குறிப்பேட்டில் ஒரே வரிதான் இருக்கிறது: *நண்பகல்: முழுவதும் உண்டது, மீண்டும் கேட்டது.*